அடுப்புக்கு மேல வச்ச சில்லு

பீர்மேட்டுல மழை பிடிச்சா லேசுல விடாது. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல உப்பு, தீப்பெட்டி, என் பத்தாம் கிளாஸ் சர்ட்டிபிகேட் எல்லாமே அடுப்புக்கு மேல பரண்லதான் இருக்கும். நனைஞ்சு வந்தா கையில இருக்கிறத முதல்ல அங்க வச்சிட்டுத்தான் தலை துவட்டணும். இல்லேன்னா எங்கம்மா கிழிச்சிடும்.

இப்ப நான் பாலக்காட்டுல ஆராய்ச்சி மாணவி. ஒரு பொருளை டேப் ஒட்டி உரிச்சு உரிச்சு மூணே மூணு அணு கனத்துக்குக் கொண்டு வந்து, நகம் அளவு சிலிக்கான் சில்லு மேல ஒட்டுவேன். லேசர் அடிச்சா அந்தப் படலம் வெளிச்சம் விடும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சு, அந்த வெளிச்சத்தோட ஆற்றலை நான் சொல்ற இடத்துக்கு நகர்த்தணும். ஆனா பாதிக்கு மேல உள்ளேயே வீணாப் போயிடும். மிச்சம் வர்றதும் மங்கல், எங்க நிக்குதுன்னே தெரியாது. செஞ்ச எட்டுச் சில்லும் இதே கதைதான். ஒன்பதாவதும் சொதப்பினா தலைப்பை மாத்திடலாம்னு எங்க சார் சொல்லிட்டாரு. நாலு வருஷ உழைப்பு அத்தனையும் போயிடும்.

அன்னைக்குப் பக்கத்துக் கட்டடத்துல ஒன்பதாவதை முடிச்சு, கொட்டுற மழையில ஓடி வந்தேன். எங்க லேப்ல யாரோ எதுக்கோ போட்டு வச்ச ஹாட் பிளேட், அதான் கரண்டு அடுப்பு, சூடா இருந்துச்சு. கை தானா சில்லை அதுமேல வச்சிடுச்சு. நான் தலை துவட்டிட்டு நிம்மதியா சாப்பிடப் போயிட்டேன்.

பாதிச் சோத்துல ஞாபகம் வந்துச்சு. அடி பாவி, சில்லு கருகியிருக்குமே! கை கழுவாம ஓடினேன். அழுதுக்கிட்டேதான் சில்லை எடுத்து மெஷின்ல வச்சேன்.

திரையில வெளிச்சத்தோட கோடு ஊசி மாதிரி நிமிர்ந்து நின்னுச்சு! அதுக்கு முன்னாடி நான் பார்க்காத வெளிச்சம். மின்னழுத்தத்தைக் கூட்டினேன், நகர்ந்துச்சு. குறைச்சேன், திரும்பி வந்துச்சு. யம்மாடி, அந்த ரூமுக்குள்ள குதிச்சேன்!

சத்தம் கேட்டு சார் வந்துட்டாரு. பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், மாணவிகள்கிட்டயும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாரு.

"ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?"

பொய் சொல்ல வாய் வரல. "அடுப்பு மேல வச்சு மறந்துட்டேன் சார்."

அவர் திட்டல. திரைகிட்ட குனிஞ்சு கோட்டைப் பார்த்தாரு. "படலத்துக்கு அடியில ஈரம் மாட்டியிருக்குதுங்க. அதுதான் வெளிச்சத்தைத் தின்னுருக்குது. சூட்டுல போயிருச்சு. மேலயும் கீழயும் காப்புப் படலம் இருந்ததால கருகாமத் தப்பிச்சுது."

"அப்ப என் தலைப்பு சார்?"

"உங்களுதேதானுங்க. அந்த எட்டையும் எடுத்துட்டு வாங்க, அடுப்புல வைப்போம்."

அம்மாவுக்குப் போன் போட்டு மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு அம்மா சொல்லுச்சு:

"ஏட்டி, ஈரத்தோட வந்தா அடுப்புக்கு மேல வைக்கணும்னு தெரியாமயா எட்டைக் கெடுத்த?"