கபிரியேல் அண்ணனின் மதர்போர்டு ஃபேன்

கபிரியேல் அண்ணனுக்குக் குறையில்லாத உறுப்பு காது ஒன்றுதான் என்று மிடாலத்தில் கேலி பேசுவார்கள். முழங்கால் முட்டு போயிற்று, ஒரு கண்ணில் புரை. ஆனால் கரையில் நின்றபடியே, கடலில் போகிற வள்ளத்தின் சத்தத்தைக் கேட்டு எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷம் வள்ளத்து எஞ்சின் பார்த்தவர். அப்படிப்பட்டவருடைய வீட்டுக் கம்ப்யூட்டர் 2008இல் மாவு மில் போலக் கத்தத் தொடங்கியது.

அதைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தது பக்கத்து ஊரான கருங்கலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நான்தான். அண்ணனின் மகள் ஷிபா குவைத்தில் நர்ஸ். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மைக்கை மாட்டிக்கொண்டு அவளோடு பேசுவதற்காகவே வாங்கியது. மனைவி இறந்த பிறகு அவருடைய தங்கை வியாகுலம்மாள் துணைக்கு வந்து நின்றதால்தான் ஷிபா விமானம் ஏறினாள். அந்தத் தங்கையோ, மீன்குழம்பில் புளி போதாது என்று இவர் ஒருநாள் தட்டைத் தள்ளியதில் கோபித்துக்கொண்டு குழித்துறையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதம் ஆகிறது. மகளிடம் இவர் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவாளோ என்று பயம். வியாகுலம்மாள் மாமி எங்கே என்று அவள் கேட்டால், அடுக்களையில் நிற்கிறாள் என்பார். தனியாகக் கஞ்சி வைத்துத் தனியாகக் குடிக்கிற மனுஷனுக்கு வாய் கூசாமல் பொய் வந்தது. எனக்கு அவர்மேல் எரிச்சல்தான்.

இந்தச் சத்தம் தொடங்கியதிலிருந்து, இரண்டே நிமிடத்தில் ஷிபா, "ஒண்ணும் கேக்கல்ல அப்பா, அடுத்த ஞாயிறு விளிக்கேன்" என்று வைத்துவிடுகிறாள். அந்தப் பேச்சுக்காகத்தான் மனிதர் வாரம் முழுக்க உயிரோடு இருந்தார். எப்படித் தாங்குவார்?

என்னைக் கூப்பிடவில்லை. தானே பெட்டியைத் திறந்து, ஓடுகிற ஃபேன்களை ஈர்க்கிலால் ஒவ்வொன்றாக ஒரு நொடி நிறுத்திப் பார்த்திருக்கிறார். மதர்போர்டின் மேலிருக்கிற, தீப்பெட்டி அளவு ஃபேன் நின்றபோது சத்தமும் நின்றது. அதுவரை சரி. அதற்கப்புறம் வள்ளத்துப் புத்தி. எஞ்சினுக்குப் போடும் கிரீஸை விரலால் வழித்து அப்பிவிட்டார். ஃபேன் இறுகி நின்றுவிட, சூடேறிக் கம்ப்யூட்டர் அணைந்தது. சனிக்கிழமை காலை அதைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இது என்ன வள்ளமா அண்ணே?" என்று கத்தினேன்.

"ஏலே மக்கா, ஏசுகத பொறவு ஏசு. நாளைக்கு பிள்ள விளிப்பா. சத்தம் இல்லாம ஆக்கித் தா."

கிரீஸைத் துடைத்தெடுத்து, ஃபேனின் நடுவிலிருந்த ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். ஓட விட்டதும் அண்ணன் காதை வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

"இனி பிள்ள மாமிகிட்ட குடுங்கன்னு கேட்டா என்ன சொல்லுவிய?" என்றேன்.

"மாதா சபை கூட்டத்துக்கு போயிருக்கான்னு சொல்லுவேன்." பதில் தயாராகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். ஷிபாவின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல அவ்வளவு தெளிவாக இருந்ததாம். "சத்தம் போச்சு மக்களே! இனி எவ்வளவு நேரமும் பேசலாம்" என்று இவர் சந்தோஷமாகச் சொன்னார். கேட்கவில்லையோ என்று மைக்கைத் தட்டியிருக்கிறார்.

"கேக்குது அப்பா. முன்னயும் கேட்டுது."

பிறகு அழுதுகொண்டே சொன்னாளாம். குழித்துறைக்குப் போய்ச் சேர்ந்த அந்த வாரமே மாமி அவளை ஃபோனில் அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மாமி அடுக்களையில நிக்கான்னு நீங்க சொல்லும்போ எனக்கு கேட்டுட்டு இருக்க முடியல்ல. தெரியும்னு சொன்னா நான் வரணும். வர வழியில்ல அப்பா, பாஸ்போர்ட்டு ஆஸ்பத்திரிக்காரங்க கையிலயாக்கும். அதான் சத்தம்னு சொல்லி வச்சேன்."

கபிரியேல் அண்ணன் சமாதானம் சொல்லப் பார்த்து, தானும் அழுதுவிட்டார். மைக் நல்ல மைக். அவர் அழுதது குவைத் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான் தனியாத்தான் கெடக்கேன் மக்களே" என்று கடைசியில் சொன்னாராம். மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"வைக்கவா அப்பா?"

"வைக்காண்டாம்."