நடுவாசல்

பிள்ளைகளா, உங்களுக்கு முன்னால் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பரளச்சிப் பக்கம் காட்டுக்குள் தனிவீட்டில் குடியிருந்தபோது பாம்பு தீண்டிப் போய்விட்டாள். நான் அன்றைக்கு டவுனுக்குப் போயிருந்தேன். அம்மா போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. விழுவதற்குப் பக்கத்தில் வீடே கிடையாது.

அதன்பிறகுதான், எண்பதுகளின் நடுவில், பந்தல்குடி ரோட்டோரம் இருந்த குடும்ப நிலத்தில் வாடகைக்குச் சின்னச் சின்ன வீடுகள் கட்டலாம் என்று உங்கள் பெரியப்பாவும் நானும் பேசினோம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த வாசல்ல நின்னாலும் இன்னொரு வாசலு கண்ணுல படணும்."

எனக்கு வரைபடம் போடத் தெரியாது. அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து தரையில் கோடு இழுத்தோம். கிழக்கே ஒரு வரிசை, மேற்கே ஒரு வரிசை, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசலும் கிணறும். அம்மா இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு கோடுகளுக்குள் நடந்து பார்த்தாள். எதிரே நான் இன்னொரு குடத்தோடு வரவேண்டும். குடத்தோடு குடம் இடித்தால் பாதையை அகட்டிப் போடச் சொல்வாள். சைக்கிளைக்கூட முகப்பிலேயே விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே வரவேண்டும் என்றாள்.

கொத்தனார் சிரித்தார். "என்னத்தா, வீட்டவிட வாசலுக்குத்தேன் எடம் போகுது. வாசலுக்கும் வாடகை வாங்குவீகளோ?"

"ஆமாண்ணே. ஒங்களுக்கு மட்டும் சும்மா. கட்டில எடுத்துக்கிட்டு வந்துருங்க."

நிலம் அப்போது பாகம் பிரியாதது. தகப்பனார் உயிரோடு இருக்கையில் பாகம் பேசினால் அவர் சாவுக்குக் காத்திருக்கிறான் என்று ஊர் பேசும். அதனால் யாரும் வாயெடுக்க மாட்டோம். யார் எந்தப் பக்கம் கட்டுவது என்று பெரியப்பாவிடம் ஒப்புக்குத்தான் கேட்டேன். "ஏலே, ஒனக்கு வேற எனக்கு வேறயா? கட்டுலே" என்றார். அவர் கிழக்கே, நான் மேற்கே என்று ஆளுக்கொரு வரிசை கட்டினோம். நடுவாசல் யாருக்கு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மேற்கு வரிசையில் நாம் இருந்தோம். எதிர் வீட்டில் ஒரு டீச்சரம்மா. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை நம் வீட்டு வேப்பமரத்தில்தான் கட்டுவார்கள். நீங்கள் நடக்கப் பழகியது அந்த வாசலில்தான். மண்ணில் இறக்கிவிடவே பயந்து உங்களை இடுப்பிலேயே வைத்திருந்த அம்மா, அங்கே போனபின் "எங்கயாச்சும் ஒரு வீட்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசி களைவாள். அதைக் கேட்கையில் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

உங்கள் தாத்தா காரியம் முடிந்து கொஞ்ச நாளில் பெரியப்பா வந்தார்.

"பாகத்தப் பிரிச்சுக்குவோம்லே. என் வரிசைய வத்தல் கோடவுனாக்கப் போறேன். லோடு லாரி உள்ள வரணும்."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "வேற எதுல வேணுன்னாலும் கூட எடுத்துக்கோங்க அத்தான். வாசல மட்டும் விட்ருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "லாரி பொழங்குற எடத்துல புள்ளைக ஓடுனா சரிப்படுமாத்தா? நடுவுல சுவரு வச்சாத்தேன் நல்லது."

பிள்ளைகளைச் சொன்னதும் அம்மா திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சங்கிலி பிடித்து அளந்தார்கள். கோடு வாசலை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. கிணறு நம் பக்கம் வந்தது. டீச்சரம்மா வீட்டைக் காலிசெய்து போனபோது அம்மா வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை.

நல்ல கோடையில் சுவர் எழும்பியது. புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை. நம்மிடம் கேட்கப் பெரியப்பாவுக்குக் கூச்சம். சிமெண்டு காய்ந்து வெளுக்க ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், அம்மா கிணற்றில் இறைத்து இறைத்து அந்தச் சுவரில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஒனக்கென்ன கிறுக்கா? அவுக சுவருக்கு நீ எதுக்கு எறைக்கிற?"

"காஞ்ச சுவரு நிக்காதுங்க. நாளைக்கு லாரி ஒரசுனா இந்தப் பக்கந்தேன் சாயும். புள்ளைக இங்கனதான வெளையாடுதுக."

அழுதுகொண்டேதான் சொன்னாள். நான் கயிற்றை வாங்கி இறைத்தேன். அவள் ஊற்றினாள். சுவர் முழுக்க நனைந்தபிறகுதான் நிறுத்தினோம்.