புறங்கை

தங்கப்பாண்டி எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். ரெங்கம்மாள் வீட்டு இரும்புக் கேட்டையும் அப்படித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். பஸ் கம்பி, பீரோக் கைப்பிடி, காய்ச்சலில் கிடக்கும் மகளின் நெற்றி, எல்லாவற்றுக்கும் அதே கைதான். உள்ளங்கையில் கரண்ட் ஏறினால் விரல்கள் மூடிக்கொள்ளும், புறங்கை என்றால் தெறித்து விலகும் என்பார்.

அலங்காநல்லூர்ப் பக்கம் அவர் வயர்மேன். மழை தொடங்கிவிட்டால் அவர் கண் வயர்களில் இருக்காது. கம்பத்தடியில் என்ன முளைத்திருக்கிறது என்று தேடும். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில்கூட வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பத்தில் ஏறும் கோவைக்கொடியைப் பிடுங்கி எறிவார்.

ரெங்கம்மாளின் பீர்க்கு, கம்பத்தை இழுத்து நிறுத்தும் ஸ்டே கம்பியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. மேலே வயரைத் தொட்டுவிட்டால் ஈரக்கொடி வழியே கரண்ட் வாசலுக்கே இறங்கும். ஏற்கெனவே ஒருமுறை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். அடியிலிருந்து துளிர்த்து, மறுபடியும் அதே கம்பி.

"நானாண்ணே ஏத்திவிட்டேன்? அதுவாப் போகுது. பூவும் பிஞ்சுமா நிக்கிதுண்ணே." ரெங்கம்மாளின் கண் அவர் கையிலிருந்த அரிவாளிலேயே இருந்தது.

"அதுக்கென்ன தெரியும் தாயி. நுனி காத்துல தொழாவிக்கிட்டே இருக்கும். கிட்டக்க எது கெடைக்கிதோ அதப் புடிச்சிக்கிரும்."

டிரான்ஸ்பார்மருக்குப் போய் பியூஸ்களைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். தெருவில் மின்விசிறிகள் நின்றன.

"ஒத்தக் கொடிக்கு ஊரையே அவிய வைக்கிறீகளேண்ணே" என்றார் டீக்கடை நல்லகாமன்.

"வேர்த்தாத் தொடச்சிக்கிரலாம் மாப்ள."

நல்லகாமன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிவபாண்டியை அவருக்கும் தெரியும். தங்கப்பாண்டியோடு வேலை பார்த்தவர். ஒரு மழை நாளில், "கொடிதானேண்ணே" என்று பியூஸைப் பிடுங்காமலே நனைந்த கோவைக்கொடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். கரண்டை நிறுத்திய பிறகும் அந்தக் கைகள் கொடியை விடவில்லை. தங்கப்பாண்டிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

திரும்பி வந்தவர் கம்பத்திலிருந்து தள்ளி, செடியடியிலிருந்து ஓட்டுக்கூரைக்குக் கொடி ஏற ஒரு கயிறு கட்டினார். ஸ்டே கம்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை தொட்டார். கம்பியைச் சுற்றி ஸ்பிரிங் போல முறுக்கிக்கொண்டிருந்தன பீர்க்கின் பற்றுச்சுருள்கள். இழுத்தால் தண்டு முறிந்துவிடும்.

அரிவாளைத் தரையில் வைத்தார். கொடியை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுருளாகப் பிரிக்கத் தொடங்கினார்.