எம்.ஃபில்.லுக்குக் கிடைத்த பார்க்கிங் இடம்

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு பார்க்கிங் இடங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு செய்திமடல். மடலுக்கு ஆசிரியர், வடிவமைப்பாளர், பிழை திருத்துபவர் எல்லாம் நான்தான். நான்கு பக்கத்துக்கும் வரி இடைவெளியை அளந்து வைப்பேன். என் மனைவி இதை நோய் என்கிறாள். நான் ஒழுங்கு என்கிறேன். இருபது வருடமாக இதில் சமரசம் ஏற்படவில்லை.

இந்த முறை மடலில் இரண்டு பட்டியல்கள். புதிதாகக் கோடு போட்ட பார்க்கிங்கில் யாருக்கு எந்த இடம் என்பது முதலாவது. ஆண்டு விழாவில் எந்த வீட்டார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது இரண்டாவது. இடங்களைச் செயலாளர், நாலாம் வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நான் என்று மூன்று பேர் உட்கார்ந்து சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். இடம் எண் ஒன்றை மட்டும் குலுக்கவில்லை. அது சாய்தளத்தை ஒட்டியது. கார் கதவை முழுதாகத் திறக்க அங்கே மட்டும்தான் அகலம் உண்டு. எட்டாம் வீட்டுப் பெண்மணியின் கணவர் வேலப்பன்சாவடி பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, இரண்டு காலிலும் தகடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். திங்கட்கிழமை சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வருகிறார். இடம் ஒன்று அவர்களுக்குத்தான் என்று கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம். செயலாளரும் தட்டினார். அவருடையது கொஞ்சம் பலமாகவே கேட்டது.

வெள்ளிக்கிழமை மாலை 6.40க்கு மடலைப் பிடிஎஃப் ஆக்கி எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். 6.52க்குச் செயலாளரிடமிருந்து பதில்: "அட்டாச்மென்ட் எல்லாம் யாரு சார் திறக்கிறது? மெயில்லயே தெரியற மாதிரி போடுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை பிடிஎஃப் ஆக்காமல் மூலக் கோப்பையே அனுப்பி, என் எழுத்துரு மற்றவர்கள் கணினியில் இல்லாமல், அவருடைய வாழ்த்துரை முழுக்க ஏதோ வேற்றுக்கிரகத்து அரசாணை போல வந்தது. அதற்கும் இரண்டு பேர் 'அருமை சார்' என்று பதில் போட்டார்கள்.

ஆகவே பக்கங்களை நகலெடுத்து மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டினேன். என் பட்டியலில் பெயர்கள் இடப்பக்கம் ஒரு பெட்டி, எண்கள் வலப்பக்கம் ஒரு பெட்டி. இரண்டுக்கும் வரி வரியாக நேர் பார்த்து வைத்திருந்தேன். ஒட்டிய பிறகு எனக்கே ஒரு பிரதி அனுப்பி, மேசைக் கணினியின் அகலத் திரையில் பார்த்தேன். ஒரு புள்ளிகூட அசையவில்லை. டைரியில் 'சரி' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை 8.15க்குக் கீழே போனால், என் இடத்தில் பதினோராம் வீட்டுக்காரரின் கார் நிற்கிறது. எங்கள் காவலாளி மேனாம்பேட்டுக்காரர். மடல் அவருக்கும் போகும். கீறல் விழுந்த சின்ன போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், உங்களுக்கு எடமே இல்லியா? உங்க பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல சார். நாலாம் நம்பர் ஊட்டு சாருக்குப் பாரு, ரெண்டு எடம் கீது. அவருக்கு ஒண்ணு, அவரு எம்.ஃபில்.லுக்கு ஒண்ணு."

வாங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியர் தன் பெயரைப் பட்டங்கள் இல்லாமல் அச்சிட விடமாட்டார். எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். எல்லாம் வேண்டும். போனின் ஒடுங்கிய திரையில் இடப்பக்கப் பெட்டி சுருங்கி, அந்த எம்.ஃபில். அடுத்த வரிக்கு விழுந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த எட்டுப் பெயர்களும் ஒரு வரி இறங்கிவிட்டன. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்தாம் வீட்டாரின் இடம் எம்.ஃபில்.லுக்குப் போயிற்று. ஐந்தாம் வீட்டாருக்கு ஆறாம் வீட்டாருடையது. இப்படியே போய், கடைசி வீடான எனக்குத் தெரு. எங்கள் வீடுகளில் எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி நகர்ந்ததால் சண்டையே வரவில்லை. ஆளுக்கொரு வண்டியை அழகாகத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். தலைமையாசிரியர் தன் இடத்தில் ஸ்கூட்டரையும், எம்.ஃபில்.லின் இடத்தில் காற்றில்லாத ஒரு சைக்கிளையும் வைத்திருந்தார்.

இடம் ஒன்றில் செயலாளரின் புதுக் கார் நின்றது. அவர் ஏழாம் வீடு. குலுக்கலில் அவருக்கு விழுந்தது புங்க மரத்தடி. அந்த மரத்தில் காக்கைகள் பெரும்பான்மை.

"மடல்ல வந்தா வந்ததுதான் சார்," என்றார். "இது நீங்க சொன்னதுதானே?"

உண்மைதான். போன வருடம் விழா நேரத்தை நான் ஒரு மணி நேரம் முன்னதாக அச்சிட்டு, அவர் உண்மையான நேரத்துக்கு வருவதற்குள் போண்டா தீர்ந்துபோனபோது நான் அவரிடம் சொன்ன வாக்கியம் அது. ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்து, சுத்தமாகத் திருப்பித் தந்தார்.

"எட்டாம் வீட்டுக்கு என்று கைதட்டினோமே?"

"தட்டினோம். அதுக்கப்புறம் மடல் வந்துச்சு. இப்ப மறுபடி எட்டு வண்டியை நகர்த்தணுமா? எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. அவங்க ஓரமா நிறுத்தி, ரெண்டு பேர் தூக்கிவிட்டா ஆச்சு."

எட்டாம் வீட்டுப் பெண்மணி மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், மடலில் தனக்கு விழுந்திருந்த ஒன்பதாம் வீட்டாருக்கான இடத்தைப் பார்த்தார். இரண்டு தூணுக்கு நடுவில் இருந்தது. கதவைத் திறந்து பார்த்தார். ஒரு சாண்தான் திறந்தது. கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அன்று இரவு சரியான மடலை மறுபடி அனுப்பினேன். யாரும் திறக்கவில்லை. ஏற்கெனவே பார்த்தாயிற்றே. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டாம் பட்டியலுக்கு நான் புதிதாகப் பெயர் அடிக்கவில்லை. முதல் பட்டியலின் பெயர்ப் பெட்டியையே, எம்.ஃபில். உட்பட, நகலெடுத்து வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை 9 மணிக்கு எல்லோரையும் பார்க்கிங்கில் கூட்டினேன். காவலாளியின் போனை வாங்கிக்கொண்டேன்.

"செயலாளர் சொல்வது சரி," என்றேன். "மடலில் வந்ததே இறுதி. ஆகவே ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலையும் படித்துவிடுகிறேன். எம்.ஃபில்., சாக்கு ஓட்டம்."

"யார் ஓடுவது?" என்றார் தலைமையாசிரியர்.

"பட்டம் உங்களுடையது சார். அடுத்து, ஏழாம் வீடு, நம் செயலாளர். பரதநாட்டியம். பச்சைப் பட்டு. ஆறு நிமிடம்."

அது எட்டாம் வீட்டுப் பெண்மணி தன் மகளுக்காகக் கொடுத்திருந்த நிகழ்ச்சி. காவலாளி சிரிக்காமல் சொன்னார்: "சலங்கைக்கு நீ கவலப்படாத சார். எங்க தெருவுல ஒருத்தர் கீறாரு, வாங்கினு வந்துடறேன்."

"அது லேஅவுட் மிஸ்டேக்குய்யா!" என்றார் செயலாளர்.

"அப்ப இது?" என்று இடம் ஒன்றைக் காட்டினேன்.

"அது வேற, இது வேற சார்."

எட்டாம் வீட்டுப் பெண்மணி முதல்முறையாக வாயைத் திறந்தார். "பச்சைப் பட்டு என்கிட்ட இருக்கு சார். ப்ளவுஸ்தான் புதுசா தைக்கணும். அளவு மட்டும் குடுத்துடுங்க."

பதினோராம் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புங்க மரத்துக் காக்கைகள் பறந்தன. செயலாளரின் மனைவியும் சிரித்துவிட்டார். அதுதான் அவரைச் சாய்த்தது என்று நினைக்கிறேன். "இருங்க, சாவி எடுத்துட்டு வரேன்" என்று செயலாளர் படியேறினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

9.50க்குள் எட்டுக் கார்களும் ஒவ்வோர் இடம் நகர்ந்தன. எல்லோருக்கும் முன்னால் தலைமையாசிரியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், வருத்தத்தோடு. பட்டங்களைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். எழுத்தின் அளவைக் குறைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மதியம் மடலை எழுத்துருக்களோடு சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கினேன். திறக்கச் சோம்பல்படுபவர்களுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் படமாகவும் மாற்றி மின்னஞ்சலுக்குள் வைத்தேன். படத்துக்குள் எம்.ஃபில். எங்கேயும் விழ முடியாது. ஊருக்கு அனுப்புவதற்கு முன் காவலாளிக்கு மட்டும் அனுப்பினேன். எங்கள் குடியிருப்பிலேயே சின்னத் திரை அவருடையதுதான். இனி அதில் தேறாதது எதுவும் என்னிடமிருந்து போகாது. கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் அங்கங்கயே கீது சார். ஆனா செயலாளரு ஆடுறத எடுத்துட்டியே."

திங்கட்கிழமை வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகவே கிளம்பினேன். டைரியில் அன்றைக்கு இரண்டு வரி. 'செயலாளரின் கார் கூரையில் காக்கை எச்சம், இரண்டு இடம். 11.20: இடம் எண் ஒன்று, கதவு முழுதாகத் திறந்தது, யாரும் தூக்கவில்லை.'