இரண்டு பூட்டுப் போட்ட வாய்க்கால் கதவு

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரும்பைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டோடு உள்ளங்கையில் ஒட்டிக்கொள்கிற துருவின் வாடை, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும், சோறு தின்னக் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது மறுபடி மூக்குக்கு வரும். என் பதினோராவது வயதில் ஒரு சிறுபோக நெற்பருவம் முழுவதும் அந்த வாடையோடுதான் நான் சோறு தின்றேன்.

எங்கள் வீடு அட்டாளைச்சேனையில். வாப்பாவின் மூன்று ஏக்கர் வயல், இறக்காமம் பக்கத்தில் நாங்கள் "வட்டை" என்று சொல்கிற பெரிய வயல்வெளிக்குள் இருந்தது. குளத்திலிருந்து வருகிற பெரிய வாய்க்கால் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் பிரிந்து எங்கள் வட்டைக்கு வருகிற சின்ன வாய்க்காலை மாகாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. முன்னொரு தரம் தண்ணீருக்காக அங்கே மண்டை உடைகிற அளவுக்குச் சண்டை நடந்ததால் மத்திய அரசாங்கத்தின் அலுவலகம், எங்கள் பேச்சில் மத்திய கந்தோர், ஒரு பூட்டைப் போட்டது. பிறகு வந்த மாகாணக் கந்தோரும் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டது. மத்தியினதுக்குக் "கொழும்புப் பூட்டு", மாகாணத்தினதுக்குத் "திருமலைப் பூட்டு" என்று எங்கள் ஆட்கள் பேர் வைத்திருந்தார்கள். இரண்டும் திறந்தால்தான் கதவு உயரும். இனி யாரும் அந்தக் கதவில் கை வைப்பதில்லை என்று எல்லாரும் பள்ளிவாசலில் கூடி வாக்குக் கொடுத்தபோது, முதலில் வாக்குக் கொடுத்தவர் என் வாப்பா.

தண்ணீர் முறை பார்க்கிற வட்டைவிதானையார் இரண்டு கந்தோர் ஐயாமாரையும் ஒரே நாளில் கூட்டிவந்து விடுவார், தண்ணீரும் வந்துவிடும். அந்த வருடம் மத்திய கந்தோர் ஐயா மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், விசயத்தை எழுத்தில் கொண்டுவந்தால்தான் பூட்டைத் திறக்கிற திறப்பைத் தருவேன் என்று சொல்லிவிட்டார்.

வாப்பா குர்ஆனை அழகாக ஓதுவார், கடிதம் எழுத மட்டும் அவருக்குக் கை வராது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தத் தவணையில்தான் சமூகக்கல்விப் பாடத்தில் நாடு எப்படி ஆளப்படுகிறது என்று படித்திருந்தேன். மேலே மத்திய அரசு, அதற்குக் கீழே மாகாண சபை, அதற்கும் கீழே பிரதேச சபை என்று ரீச்சர் பலகையில் மூன்று பெட்டி கீறியிருந்தா. இந்தியாவில் மாநிலம் இருப்பதுபோல எங்களுக்கு மாகாணம், ஆனால் அந்த அளவு அதிகாரம் இல்லை என்றும் சொல்லித் தந்திருந்தா. படித்ததைக் காட்டவேண்டும் என்ற ஆசையில், யாரும் சொல்லாமலே, "மாகாண சபைக்குச் சொந்தமான மேற்படி கதவை" என்று தொடங்கி எழுதினேன். வாசித்துக் காட்டியதும் உம்மா சிரித்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, நம்மட வீட்டுக்கு ஒரு லோயரம்மா வந்திட்டா" என்றா. வாப்பா என் தலையைத் தடவிவிட்டுக் கையொப்பம் வைத்தார்.

பள்ளிக்கூட லீவு என்பதால், மத்திய கந்தோர் இருந்த கல்முனைக்கு வாப்பாவோடு நானும் பஸ்ஸில் போனேன். புதிய ஐயா கடிதத்தை ஒரு தரம் வாசித்தார். பிறகு முதல் வரியை மட்டும் விரலால் தொட்டு மறுபடி வாசித்தார்.

"கதவு மாகாணத்துக்குச் சொந்தம் எண்டு நீங்களே எழுதி இரிக்கீங்களே. அப்ப அவங்களிட்டத்தானே போகணும்?"

"பூட்டு உங்கடயும் கிடக்கு ஐயா" என்றார் வாப்பா.

"மத்தவங்கட கதவில கை வைக்க எனக்கு மேலிடத்து எழுத்து வேணும்."

மாகாணக் கந்தோரில், மத்திய பூட்டைக் கழற்றாமல் தாங்கள் கழற்றி என்ன பயன் என்று கேட்டார்கள். மாகாணத்தின் தலைமைக் கந்தோர் இருக்கிற திருகோணமலைக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மத்திய கந்தோரோடு பேசி முடிவெடுக்கும்படி பதில் வந்தது. அதையும் கொண்டுபோய்க் காட்டி மறுபடி எழுதினேன். என் கொப்பித்தாள் குறையக் குறைய வயலில் வெடிப்பு அகன்றது. பயிர் "குடலை"யில் நின்றது. கதிரை வயிற்றுக்குள் வைத்திருக்கிற அந்தப் பருவத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நெல் மணி பிடிக்காமல் சாவியாகிப்போகும். வாப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தினமும் அந்தக் கதவடிக்குப் போவார். நான் இரண்டு பூட்டையும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். அந்தப் பக்கம் பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டைவிதானையார் ஒருநாள் என்னைப் பார்த்து, "புள்ளைக்குப் படிப்புக் கூடிப்போச்சு. வெறுமனே கதவு எண்டு எழுதி இருந்தாத் தண்ணி வந்திரிக்கும்" என்றார். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

உம்மா மண் கிண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்து வாசலில் போட்டா. "உடைங்க. அல்லாட தண்ணிக்கு ஆருக்குப் பயப்படுறீங்க?"

"அல்லாக்குத்தான் பயம். பள்ளியில வாக்குக் குடுத்திட்டன்" என்றார் வாப்பா.

"வாக்கையா புள்ளைகளுக்கு ஆக்கிக் குடுக்குற?"

வாப்பா அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனவர், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போது திரும்பி வந்து, அதை இருந்த இடத்திலேயே சாத்திவைத்தார். மறுநாள் போய்ப் பார்த்தேன், பூட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

எழுத்தெல்லாம் மேலே போய்க் கீழே வந்து முடிய, கடைசியில் இரண்டு ஐயாமாரும் ஒரே நாளில் வந்தார்கள். கதவு உயர்ந்தது. தண்ணீர் வரம்பு வரம்பாக ஏறி எங்கள் வயலுக்குள் வந்தபோது கதிரெல்லாம் வெள்ளையாக, மணி இல்லாமல், காற்றுக்குச் சரசரத்துக்கொண்டு நின்றது. வாப்பா அந்தத் தண்ணீரிலேயே முகம் கைகால் கழுவி வுழூச் செய்து வரம்பில் நின்று தொழுதார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தண்ணி வந்திட்டு மகள்" என்றார். அந்தப் போகம் எங்கள் வயலில் அரிவாள் வைக்கவில்லை. மாடு மேய்க்கிறவர்களுக்கு விட்டுவிட்டோம்.

அடுத்த கிழமை வாப்பா என்னைக் கூப்பிட்டு, இரண்டு கந்தோருக்கும் நன்றி சொல்லி எழுதச் சொன்னார். வாற போகத்துக்கும் அவர்களிடம்தானே போகவேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "கதவு ஆர்ர எண்டு எழுதாதீங்க மகள். தண்ணி கிடைச்ச எண்டு மட்டும் எழுதுங்க" என்றார். அந்த வரியைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தரம்தான்.

இப்போது வாப்பா இல்லை, அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. அந்த வட்டையும் இல்லை. மண் போட்டு நிரவி வீடுகள் கட்டிவிட்டார்கள். மாகாண சபைக்குத் தேர்தல் வைத்தும் பல வருடமாகிவிட்டது. என் மகளின் புத்தகத்தில் மட்டும் அந்த மூன்று பெட்டிகளும் அப்படியே இருக்கின்றன. வாய்க்கால் கதவும் இரண்டு பூட்டோடு நிற்கிறது, திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. மாரியில் வெள்ளம் வடிய வழியில்லாமல் அதில் முட்டி, அந்த வீடுகளுக்குள் ஏறுகிறது. போன கிழமை அங்கிருந்து இரண்டு பெண்கள், ஒருத்தியின் இடுப்பில் கைக்குழந்தை, என் கையெழுத்தைக் கேள்விப்பட்டு வந்தார்கள். "ஒரு கடிதம் எழுதித் தாங்க ராத்தா, புள்ளைகளோட தண்ணிக்குள்ள கிடக்கிறம்" என்றார்கள்.

எழுதிவிட்டேன். தண்ணீர் எந்த அளவுக்கு ஏறுகிறது, எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள் என்று எல்லாம் எழுதிவிட்டேன். கதவு யாருடையது என்று எழுதவில்லை. ஆனால் கடிதத்தின் தலைப்பில், யாருக்கு என்று எழுதவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. நாளைக்கு அவர்கள் வந்து கேட்பார்கள்.