நாலாம் நம்பர் மெஷின்காரியின் வணக்கம்

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'நாலு'. நாலாம் நம்பர் இஸ்திரி மெஷினில் நிற்பதால் நாலு. ஈரப் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். கண் கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் விரலும் உள்ளே போய்விடும். ஆறு வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் வேலை. சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் காதருகே வந்து சொடக்குப் போடுவார். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டலாம் என்றால் பாஷை தெரியாது.

"உனக்கு எதுக்கு அந்த பாஷை? என்ன வேணுமோ நான் பேசிக்கறேன்" என்பார் அவள் கணவர். ஆறு வருடத்தில் அவர் அவளுக்காகப் பேசியது குழாய் ஒழுகுவதைப் பற்றி மட்டும்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

பாஷை கற்றுக்கொள்ள அவளே போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருப்பவள் அந்த ஊர்க்காரி, பஸ் டிரைவர். டிப்போவில் நம் ஆட்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவாள். முதல் பாடமாக 'மன்னிக்கவும், புரியவில்லை, நன்றி' என்று மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

"இது ஒண்ணும் வேண்டாங்கா. வணக்கம் சொல்லிக் குடுங்க. கும்பிடு போடற மாதிரி இல்ல, சமமா சொல்றது."

"யாருக்கு?"

"சொடக்குப் போடறவருக்கு. நான் வணக்கம் சொன்னா அவர் பதில் சொல்லித்தானே ஆகணும்?"

பத்து நாள் பல் தேய்க்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதே ஜபம். டிரைவர் அவளை எதிரே நிற்க வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "வாய் நல்லா இருக்கு. கண் எங்கே? கண் பாக்கலைன்னா வணக்கம் இல்லை."

மறுநாள் சூப்பர்வைசர் வந்ததும் வணக்கம் சொன்னாள். கண் வழக்கம்போல உருளையில். ஏதோ முணுமுணுக்கிறாள் என்று நினைத்து அவர் சொடக்குப் போட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் அவளுடைய வணக்கம் போர்வைக்கே போய்ச் சேர்ந்தது. நாலாம் நாள் அவள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

கை மாட்டினால் மட்டும் அழுத்த வேண்டிய பொத்தான் அது. மெஷின் வரிசை முழுக்க நின்றது. சூப்பர்வைசர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டி, கண்ணுக்குக் கண் பார்த்துச் சொன்னாள்: "காலை வணக்கம். எப்படி இருக்கீங்க?"

மத்தியானமே நிர்வாகத்தின் கடிதம் வந்துவிட்டது. கணவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா வேலை கிடையாதாம். போட்டுத் தொலை, தாயே!"

டிரைவரும் அவள் பக்கம் பேசவில்லை. "பொத்தான் தப்பு."

"தப்புதாங்கா. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆறு வருஷ சொடக்குக்கு யாரு கேப்பா?" அவளுக்குக் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க, போதும்."

டிரைவர் அவளை மறுபடியும் எதிரே நிற்க வைத்தாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள்.

காலையில் அவள் நேராக சூப்பர்வைசரின் அறைக்குப் போனாள். கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னாள். மெஷின் சத்தம் இல்லாத அறையில் அவர் வாயிலிருந்தும் பழக்கத்தில் பதில் வணக்கம் வந்துவிட்டது. அவள் கடிதத்தை மேஜையில் விரித்தாள். அவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. குனிந்து அவர் காதருகே ஒரு சொடக்குப் போட்டாள். அவருடைய முகம் சிவந்தது.

கடிதத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவருடைய பாஷையிலேயே நிதானமாகச் சொன்னாள்: "முதல்ல நீங்க."