கேப்பை அளவு மேடு

சவரிமுத்து இறந்துபோன செய்தி காலையில் வந்தது. அப்போது நான் ஒரு தேக்குக் கதவுக்குக் கடைசிப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். பாலீஷ் வேலையில் பூச்சைப் பாதியில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடும். போனில் அவன் மனைவி ஸ்டெல்லா, "அண்ணா, அவரு நம்மள உட்டுட்டுப் போயிட்டாருண்ணா" என்றாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். துணி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போய் அந்த இடம் கறுத்த பிறகுதான் காதில் விழுந்தது மனதுக்குள் இறங்கியது. அந்தக் கதவு பாழ். அதைச் சுரண்டி மறுபடி பூச இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

சவரியை உங்களில் பலருக்குத் தெரியும். செயின் ரம்பத்தையும் கை கிரைண்டரையும் வைத்துக்கொண்டு, விழுந்த மரத்தில் குதிரையும் கழுகும் மீனும் செய்தவன். வானூர்ப் பக்கத்து விடுதித் தோட்டங்களில் நிற்கிற பெரிய உருவங்களில் பாதி அவனுடையவை. அவன் வெட்டியதை எல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் நான். பெயர் ஏழுமலை. என்னை யாருக்கும் தெரியாது. பாலீஷ்காரனைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த இளம் சிற்பிகள் அவனைப் பற்றிப் பேசினார்கள். எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். கிரைண்டர் தடத்தை அழிக்காமல் அப்படியே விட்டானே, அதுதான் அவன் பாணி என்றார்கள். மிஷினைக் கீழே வைக்காமல் நாள் முழுக்க ஓட்டுவான், நாங்களும் அப்படித்தான் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்களே உண்மையச் சொல்லிடுங்க. இதுங்க கையும் அவரு கை மாதிரி ஆவணுமா?" என்றாள். அங்கே எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் ஒரு மரவாடியில் அவனை முதலில் பார்த்தேன். மரம் வெட்டுகிற கூலி ஆளாக இருந்தான். சில வருடம் கழித்து மரவாடிக்குச் செயின் ரம்பம் வந்ததும் அது அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. அந்த ரம்பத்தின் நுனியால் அவன் செதுக்கிய முதல் உருவம் ஓர் ஆடு. அவன் ஊர்க் கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்காகச் செய்தது. ஊரே வந்து பார்த்து, "நாய் நல்லா வந்திருக்குது சவரி" என்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பங்குச் சாமியார்தான், "இருக்கட்டும்பா, ஆடு மேய்க்கிறவங்க கிட்ட நாயும் இருக்கும்ல" என்று அதைக் குடிலில் வைத்தார். சவரி பல வருடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்த நாயை, அதாவது ஆட்டை, நான்தான் தேய்த்தேன். அன்று தொடங்கியது எங்கள் கூட்டு. சண்டையும் அன்றே தொடங்கியது.

பிறகு சென்னைச் சாலையை அகலப்படுத்தினார்கள். திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் வரை இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் சாய்ந்தன. சாலையோரப் புளியமரத்தை ரம்ப மில்லில் எடுக்கமாட்டார்கள். ஆணி இருக்கும். விளம்பரத் தகடு மாட்ட அடித்த ஆணி, பேயோட்டுகிறவர்கள் முடிக்கற்றையைச் சேர்த்து அடித்த ஆணி என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். மரம் வளர்ந்து அதை மூடிவிடும். வெளியே தெரியாது. ரம்பம் பட்டால்தான் தெரியும், அதற்குள் ரம்பம் போய்விடும். அப்படி ஒதுக்கிப் போட்ட மரங்கள்தான் சவரிக்குக் கிடைத்தன. அவன் ரம்பத்தை எடுப்பதற்கு முன்னால் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளங்கையால் தடவுவான். மாட்டைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். ஆணி இருக்கிற இடத்தில் பட்டை லேசாகப் புடைத்திருக்குமாம். எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு, "இங்க ஒண்ணு. இங்க ரெண்டு. மத்தபடி சுத்தம்" என்பான். "சுத்தம்" என்று அவன் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தை வைக்கலாம்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தை அறுக்கப் போனபோது ஓர் அம்மா ஓடிவந்தார். அவர் மருமகளுக்குப் பேய் பிடித்து அந்த மரத்தில்தான் ஆணி அடித்திருக்கிறார்கள். அறுத்தால் மறுபடி வந்துவிடும் என்று அழுதார். மற்றவர்கள் சிரித்தார்கள். சவரி சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம் அடிச்சாங்கம்மா?" என்று கேட்டுத் தடவிப் பார்த்தான். கண்டுபிடித்தான். ஆணி அசையாமல் அதைச் சுற்றி ஒரு கட்டையாக வெட்டி எடுத்து அவர் கையில் கொடுத்தான். "ஆணிய நான் தொடல. அப்படியே எடுத்துக்கினு போயி வேற மரத்தடியில வச்சிடுங்க" என்றான். வேதக்காரனுக்கு, கிறிஸ்தவனுக்கு, இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டேன். "பேய நான் நம்பல ஏழுமல. அந்தம்மா பயத்த நம்புறேன்" என்றான்.

இரண்டாயிரத்துப் பதினொன்று மார்கழியில் அடித்த புயலை மறந்திருக்க மாட்டீர்கள். முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. கிளை வெட்டி வழி திறக்கவே ஆள் போதவில்லை. சவரி பல மாதம் மிஷினைக் கீழே வைக்கவில்லை. வழி திறந்த பிறகு விழுந்த மரங்களில் உருவம் செய்யச் சொல்லி விடுதிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ரம்பத்தால் உருவத்தைக் கொண்டுவந்து, பல் வைத்த பிளேடு மாட்டிய கிரைண்டரால் இறகும் செதிலும் இழுப்பான். அதுவும் அதிர்கிற மிஷின்தான். அடுத்த மார்கழியில் காலையில் அவன் விரல்கள் வெளுத்துக் கிடக்கும், சுண்ணாம்பில் தோய்த்தது போல. "பனிப்பா" என்பான். சட்டைப் பொத்தானை ஸ்டெல்லா போட்டுவிட ஆரம்பித்தாள். "மிஷின் நின்னாலும் கை நிக்க மாட்டேங்குது" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான். நானும் விளையாட்டாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

இரும்பை கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் புளியமரம் ஒன்றைக் குதிரையாக்க வேண்டும். வழக்கம்போலத் தடவினான். நிதானமாகச் சுற்றி வந்து "சுத்தம்" என்றான். ரம்பத்தை வைத்தான். உள்ளே இரும்பு கத்தியது. சங்கிலி அறுந்து அவன் கணுக்காலை ஒட்டி மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது. எல்லோரும் ஆணியைத் திட்டினார்கள். நான் போய் அந்த இடத்துக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்த பட்டையில் கை வைத்தேன். புளியங்கொட்டை அளவுக்கு மேடு. மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத என் கைக்கே தெரிந்தது. நிமிர்ந்தால் சவரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று டீக்கடையில் கண்ணாடி டம்ளரை முழுக்கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தான். டீயில் ஆவி பறந்தது. "சுடலயா?" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தான். சிவந்திருந்தது. "சுடுது போல" என்றான். பிறகு, "யாருக்கும் சொல்லாத ஏழுமல. தொட்டாத் தெரியாதவன்கிட்ட எவன் மரத்தக் குடுப்பான்?" என்றான்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதிர்வால் நரம்பு கெட்டிருக்கிறது, மிஷினை விட்டுவிடுங்கள், போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சவரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். "விட்டுட்டு இன்னா பண்றது? மரத்தத் தடவிக்கினு உக்காந்திருக்கலாம்னா, அதுவும் போச்சே" என்றான்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் எல்லாம் புகழ்கிற அந்தத் தடங்கள் வந்தன. முன்பெல்லாம் அவனே கிரைண்டரில் உப்புத்தாள் சில்லு மாட்டித் தேய்த்து, கையால் பார்த்துத்தான் எனக்கு அனுப்புவான். இப்போது எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டான். வந்து பார்த்த விடுதிக்காரர், "அடடா, அலை மாதிரி இருக்கு. பாலீஷ் போட்டுக் கெடுத்துடாதீங்க" என்றார். என் பிழைப்பில் மண். வண்டியில் ஏற்றும்போது சவரியும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் அவன் அந்தத் தடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். பாணி என்று நீங்கள் சொல்வது அவன் இழந்ததன் அடையாளம். இதைத்தான் ஸ்டெல்லா சொல்லச் சொன்னாள். விரல் வெளுத்தால் மிஷினைக் கீழே வையுங்கள், அய்யா. அவனைப் போல் ஆக வேண்டுமானால் ஆணியைக் கண்டுபிடித்த சவரியைப் போல் ஆகுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவன் ஊர்க் கோவில் வாசலில் நின்ற பூவரசும் அந்தப் புயலில் விழுந்திருந்தது. அதில் வியாகுல மாதா, மகனை நினைத்து அழுகிற மாதா, சுரூபம் செய்துகொடு என்று ஊர் கேட்டது. ஞானஸ்நானம் வாங்கிய கோவில், மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? ஆனால் மாதா முகம் குதிரை முதுகு இல்லை. ஊரில் எல்லோரும் பூசை முடிந்து சுரூபத்தைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுத்தான் போவார்கள். குழந்தையைத் தூக்கி அதன் கையையும் வைப்பார்கள். அந்த முகத்தில் தடம் இருக்கக் கூடாது. பாணி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ரம்ப வேலை முடிந்து முகத்துக்கு வந்தபோது சவரி எனக்குச் சொல்லி அனுப்பினான்.

"உன் கையக் குடு" என்றான்.

அப்படித்தான் செய்தோம். சின்ன கிரைண்டரை ஓட்டுவான், நிறுத்துவான். நான் தடவுவேன். "மேடா, பள்ளமா?" "மேடு." "எவ்ளோ?" முதலில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம் என்று உளறினேன். "இன்னாயா பேஜாரு. அளவு சொல்லு. மல்லாட்டையா, அரிசியா, கேப்பையா?" என்று அதட்டினான். அதிலிருந்து நிலக்கடலையும் அரிசியும் கேழ்வரகும்தான் எங்கள் அளவு. மூக்கின் பக்கத்தில் மல்லாட்டை. புருவத்தில் அரிசி. மோவாயில் அரிசி. என் விரல் சொல்ல, அவன் கண் பார்க்க, மிஷின் நகர்ந்தது. இரண்டு கிழவர்கள் ஒரு முகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் தொட்டதில்லை.

கடைசியில் இடது கண்ணுக்குக் கீழே கன்னத்தில் கேப்பை அளவுக்கு ஒரு மேடு மட்டும் நின்றது. உப்புத்தாளை எடுத்தேன். சவரி என் கையைப் பிடித்துக்கொண்டான். "போதும். அத எடுக்கப் போனா பள்ளமாயிடும். இருந்துட்டுப் போவுது" என்றான். அவன் பிடித்த பிடி வலித்தது. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் பாலீஷ் போட்டேன். சுரூபம் கோவிலுக்குப் போனது. கொஞ்ச நாளில் ஊர் அந்த மேட்டைக் கண்டுபிடித்துவிட்டது. அது மாதாவின் கண்ணீர்த் துளி என்றார்கள். எல்லோரும் அங்கேதான் தொட்டார்கள். சவரியும் போய்த் தொடுவான். அவன் விரலுக்கு மட்டும் அது கிடைத்ததே இல்லை. எப்போது பார்த்தாலும் என்னிடம் கேட்பான்: "இன்னும் இருக்குதா?" இருக்கிறது என்பேன்.

மரத்தூள் அவன் நெஞ்சில் இறங்கி, இரண்டு மழைக்காலம் மூச்சுக்குத் திண்டாடினான். கடைசியாகப் பார்த்தபோதும் முகத்தில் மாட்டியிருந்த குழாயை விலக்கிக்கொண்டு அதையே கேட்டான். "எவ்ளோ இருக்குது?" "கேப்பையில பாதி. தேஞ்சிக்கினே வருது" என்றேன். சந்தோஷப்பட்டான். "போயிடுச்சின்னா ஜல்தி வந்து சொல்லு" என்றான்.

பெட்டியை மூடும் முன் அவன் விரல்களைத் தொட்டேன். ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். மார்கழிக் காலைகளில் இருந்த அதே வெளுப்பு.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நானும் வரிசையில் நின்று மாதாவின் கன்னத்தில் விரல் வைத்தேன். மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே தடவினேன். பின்னாலிருந்த அம்மா, "நகருங்க பெரியவரே, எவ்ளோ நேரம்" என்றார். மறுபடி தடவினேன். ஊர் தொட்டுத் தொட்டு அந்தத் துளியைத் தேய்த்து எடுத்திருந்தது.

சவரியிடமிருந்து என்னிடம் தங்கியது இந்த அளவு ஒன்றுதான். இப்போது கதவைத் தொட்டாலும் சோற்றுத் தட்டைத் தொட்டாலும் என் கை தானாக அரிசியா கேப்பையா என்று சொல்லிக்கொள்கிறது. கோவிலின் பின்பக்கம் கல்லறைக்குப் போனேன். மண் இன்னும் அமுங்கவில்லை. குனிந்து அதன்மேல் கை வைத்து, "போயிடுச்சி சவரி. சுத்தம்" என்றேன். கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அவன்மேல் போட்ட மண் மேடாக இருந்தது. எவ்ளோ என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன்.